வண்டி கிளம்பும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறைக்கு முன்னால் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘எந்த ஊருக்குப் போகலாம்?’ என்றே கேட்கின்றன. இம்முறை, ஊரை முடிவு செய்துவிட்டு வழியையும் நேரத்தையும் பற்றிக் கேட்டவர்களின் கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குடும்பத்தோடு காரில் போகும் பயணம் கெட்டுப்போவதற்கு, போய்ச் சேர்ந்த ஊரைவிட, எந்த நேரத்தில் எந்தச் சாலையில் இருந்தோம் என்பதே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த பெற்றோர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், நாங்கள் இருவர் என ஆறு பேர் சொந்தக் காரில் மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கும், அங்கிருந்து மைசூருக்கும் போகிறோம். உதகையிலிருந்து மசினகுடி வழியாக இறங்கினால் தூரமும் குறையும், யானையும் பார்க்கலாம் என்கிறார் என் மைத்துனர். போகலாமா? (மதுரை வாசகர்)

உங்கள் மைத்துனரின் தூரக் கணக்கு சரிதான்; ஆனால் மலைப்பாதையில் கிலோமீட்டர் குறைகிற இடத்தில் சரிவு கூடிவிடும். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் அந்தச் சரிவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதால், பாதி வழியிலேயே பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்து விபத்துகள் நடந்திருக்கின்றன; அதன் பிறகுதான் வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கக் கூடாது என்ற தடை வந்தது. ஆகவே பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு என்று போகும் சாலையையே பிடியுங்கள். அதுவும் முதுமலைக் காட்டுக்குள்ளேதான் போகிறது என்பதால், யானைக்குச் சாலைக்கு வர மனமிருந்தால் அங்கேயும் வரும். வராவிட்டாலும் தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கடிகாரத்தை. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். உதகையில் பூங்கா, ஏரி, சாக்லேட் கடை என்று மாலைவரை சுற்றிவிட்டு ‘ராத்திரிக்குள் மைசூர் போய்விடலாம்’ என்று கிளம்புகிறவர்கள், கடைசியில் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டுக் கூடலூருக்குத் திரும்பி, கிடைத்த அறையில் படுக்கிறார்கள். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் உதகையை விட்டுவிடுங்கள். பகல் வெளிச்சத்திலேயே காட்டைக் கடந்துவிடலாம். காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதும், இறங்கிப் படம் எடுப்பதும், குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடுவதும் அபராதத்துக்குரியவை.

ஏறுவதற்கு முன் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமாக இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். எனவே சனிக்கிழமை காலையில் கல்லாறு சாவடியில் நின்றுகொண்டு கைப்பேசியில் பதிவு செய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் நீலகிரியில் தடை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் குடங்களிலோ பாட்டில்களிலோ தண்ணீர் கொண்டுபோவது நல்லது.

மலை இறங்கும் எவரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. குன்னூர்ச் சாலையில் பர்லியாறுக்குப் பக்கத்தில் கார் ஒன்று ஓரங்கட்டி நிற்கும். முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். ஓட்டுநர் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துச் சூடான சக்கரத்தின் மேல் ஊற்றிக்கொண்டிருப்பார். அப்படிச் செய்தால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த நிலை வருகிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். பிரேக் சூடாகிவிட்டால் நிழலில் நிறுத்தி, தானாக ஆறவிடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயிலில் ஏற்றிவிட்டு, நீங்கள் காரை ஓட்டிக்கொண்டு போய் உதகை நிலையத்தில் காத்திருக்கலாம். 1908-இல் உதகை வரை நீண்ட பாதை அது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக 2005-இல் அறிவிக்கப்பட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களுக்கு நடுவில் பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஊர்ந்து ஏறும். முதியவர்களுக்கு வளைவுகளில் வரும் தலைசுற்றலும் இதில் இருக்காது. ஆனால் இருக்கைகள் குறைவு என்பதால், பயணத் தேதி முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த முன்பதிவுதான்.

கேள்வி: சென்னையிலிருந்து திருச்செந்தூருக்கு வாடகைக் காரில் போகிறோம். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும், வெயிலுக்கு முன் பாதி தூரம் போய்விடலாம் என்று அப்பா வற்புறுத்துகிறார். அவர் சொல்வது சரியா? (தாம்பரம் வாசகி)

சாலை காலியாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரையிலான நேரத்தில்தான் மனித உடல் தூக்கத்தை மிக அதிகமாகக் கேட்கிறது. முந்தைய இரவு நன்றாக உறங்கியவருக்கும் அந்நேரத்தில் கண் செருகும். இரண்டு நொடி கண்ணசந்தாலே, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார், பார்க்காமலேயே ஐம்பது மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நான்குவழிச் சாலையில் ஓரமாக நின்றிருக்கும் லாரியின் பின்புறத்தில் கார் மோதியது என்று செய்தித்தாளில் வரும் விபத்துகள் எந்த நேரத்தில் நடந்தவை என்று கவனித்துப் பாருங்கள்.

வாடகைக் கார் என்றால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உங்களுக்காக இரண்டு மணிக்கு வந்து நிற்கும் ஓட்டுநர் முந்தைய பகல் முழுவதும் வேறொரு குடும்பத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்திருக்கலாம். வண்டியைப் பேசும்போதே, முந்தைய இரவு ஓய்வெடுத்த ஓட்டுநரை அனுப்பச் சொல்லுங்கள். போகிற ஊரில் அவர் படுக்க ஓர் இடத்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள். டிரைவர் பேட்டா கொடுத்துவிட்டோம் என்பதோடு கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்கும் வழக்கத்தால்தான் பலர் கொசுக்கடியில் காரிலேயே படுத்து எழுந்து மறுநாள் நம்மை ஓட்டிச் செல்கிறார்கள். ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் போதும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். தூக்கம் வந்தால் டீ குடிப்பதைவிட இருபது நிமிடம் வண்டியை நிறுத்திக் கண்ணயர்வது மேல். வழியில் வண்டி நின்றுவிட்டால், தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: ஏற்காடு, வால்பாறை என்று எங்கே போனாலும் என் எட்டு வயது மகள் வாந்தி எடுக்கிறாள். மலைக்குப் போகவே பயமாக இருக்கிறது. (ஈரோடு வாசகி)

இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு இது சகஜம்; வளர வளரக் குறையும். உடல் ஆடுவதை உட்காது உணர்கிறது. காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரணால்தான் குமட்டல் வருகிறது. வண்டி ஓட்டுபவருக்கு வாந்தி வராததற்குக் காரணமும் இதுவே: அவர் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆகவே மகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவிட்டு, தொலைவில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னிருக்கையின் நடுவில், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி பெல்ட் போட்டு அமர வையுங்கள். கிளம்புமுன் பொங்கலும் பூரியும் வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் வயதுக்கேற்ற அளவைக் கேட்டுக்கொண்டு, மலை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை முழுவதும் தெரியும் காட்சி முனை இருக்கிறது. அங்கே கட்டாயம் நிறுத்துங்கள்.

கேள்வி: அம்மாவின் ஆசைக்காக ஒரே நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் பார்த்துவிட முடியுமா? கும்பகோணத்தில் அறை எடுத்திருக்கிறோம். (கோவை வாசகர்)

முடியும் என்று விளம்பரம் செய்கிறார்கள். முடிகிறது என்றும் சொல்வார்கள். ஆனால் அப்படிப் பார்க்கிறவர்கள் கோபுரத்தையும் செருப்பு விடும் இடத்தையும் பார்க்கிறார்களே தவிரக் கோயிலைப் பார்ப்பதில்லை. மேற்கே திருவையாற்றுக்கு அருகே திங்களூர். கிழக்கே பூம்புகாருக்கு அருகே கீழப்பெரும்பள்ளம். தென்கிழக்கே காரைக்காலை ஒட்டித் திருநள்ளாறு. இவற்றுக்கு இடையில் பகலில் நடை சாத்தும் நேரம் வேறு குறுக்கிடுகிறது. நண்பகலில் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் பெரும்பாலான கோயில்களைத் திறக்கிறார்கள். அந்த நான்கு மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டங்கள் எல்லாம் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நிற்கும்.

இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அதிகாலையில் திங்களூரையும், பிறகு கும்பகோணத்துக்குத் தெற்கே உள்ள ஆலங்குடியையும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பி, அம்மாவை ஓய்வெடுக்க விடுங்கள். மாலையில் திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சிரமமில்லை. இரண்டாம் நாள் காலையில் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று முடித்துக்கொண்டு தெற்கே இறங்கினால், நடை சாத்திய நேரத்தில் தரங்கம்பாடியில் இருப்பீர்கள். தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதுவரை கோயிலாகவே பார்த்த களைப்பும் தீரும். மாலையில் திருநள்ளாறு. சனிக்கிழமையாக மட்டும் அந்த நாள் இருக்க வேண்டாம். கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது. சனிக்கிழமைதான் வேண்டும் என்று அவரே சொன்னால், அது வேறு விஷயம். அப்போது அந்த நாளைத் திருநள்ளாற்றுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் மணலில் வேன் தடுமாறப் போன தனுஷ்கோடி இன்றும் நெஞ்சில் நிற்கிறது. இப்போது தார்ச்சாலை வந்துவிட்டதாமே, என் பேரனுக்கு அந்த அனுபவம் கிடைக்குமா? (திண்டுக்கல் வாசகர்)

அதே அனுபவம் கிடைக்காது. அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை திறக்கப்பட்ட பிறகு, முகுந்தராயர் சத்திரத்தில் காரை விட்டுவிட்டு வேனுக்கு மாறும் வேலையே இல்லாமல் போயிற்று. நானும் அந்த வேனில் போயிருக்கிறேன். வேனின் கம்பியைப் பிடித்த கையில் உப்பு ஒட்டும்; சக்கரம் புதைந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள்; தள்ளி முடித்ததும் முன்பின் தெரியாத குடும்பங்கள் முறுக்கைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஏ.சி. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும் பேரனுக்கு இது வாய்க்காது என்றாலும், நடக்க முடியாத உங்கள் மனைவியோ அக்காவோ இன்று முனைவரை போய் இரண்டு கடலையும் பார்க்க முடிகிறது. அந்த வகையில் எனக்குச் சாலையின் மேல் வருத்தமில்லை.

பேரனிடம் சொல்ல உங்களிடம் கதை இருக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். 1964 டிசம்பரில் அடித்த புயலில் ஊரும், பயணிகளோடு வந்த ரயிலும் கடலுக்குப் பலியாயின. இடிந்த தேவாலயத்தின் சுவரில் பவளக்கற்கள் துருத்திக்கொண்டிருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போகும் வழியில், நடுப்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும் புதிய பாம்பன் ரயில் பாலமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது ஆபத்து; பாலத்தைக் கடந்தபின் இறங்கிப் பாருங்கள். அரிச்சல்முனையில் மாலைக்கு மேல் இருக்க விடமாட்டார்கள் என்பதால், காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் எங்களைத் தன் காரில் மலேசியா முழுவதும் அழைத்துப் போவதாகச் சொல்கிறான். நானும் ஓட்டலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. (திருச்சி வாசகர்)

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பழகுவது எளிது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டுக்குச் செல்லும். மகனின் காப்பீட்டில் உங்கள் பெயருக்கும் இடமுண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும்.

சிங்கப்பூரில் பதிவான கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது டேங்கில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மலேசியாவில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் காலி டேங்கோடு போய் நிரப்பிக்கொண்டு வருவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. மலேசியா கேட்கும் வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதியையும் மகன் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு அபராதம் விதிக்கிறார்கள். உட்லண்ட்ஸ் தரைப்பாலத்தில் வெள்ளி மாலையிலும் விடுமுறைக்கு முந்தைய இரவிலும் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். துவாஸ் வழியாக இரண்டாவது பாலம் 1998 முதல் இருக்கிறது. சற்றே சுற்று என்றாலும் பல நேரங்களில் அது மேல். பேரக்குழந்தை 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவாக இருந்தால் சிறுவர் இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே செல்லாது.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் என்னைக் கவர்ந்தது, குறிப்பிட்ட தூரங்களில் வரும் ஓய்விடங்கள். சுத்தமான கழிப்பறை, தொழுகைக் கூடம், பழக்கடை, ரொட்டி சானாய் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். நம் நான்குவழிச் சாலைகளில் முதிய பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவதை நினைத்தால், சாலையின் அகலத்தைவிட இதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்று தோன்றுகிறது. பத்துமலையில் 272 படிகள் இருக்கின்றன. முழங்கால் வலியோடு ஏற வேண்டாம். அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரத்தில் நிற்கும் முருகனை நிழலில் உட்கார்ந்து தரிசித்துவிட்டு, ஈப்போவுக்குப் போகும்போது கல்லுமலைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அது குன்றின் அடிவாரத்திலேயே இருப்பதால் அம்மாவுக்கு ஏற்றது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகளோடு லாஸ் வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போகிறோம். என் கணவர் ஓட்ட ஆசைப்படுகிறார். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகி)

வலப்பக்கம் ஓட்டுவதில் தவறு நேர்வது நெடுஞ்சாலையில் அல்ல. அங்கே முன்னால் போகும் வண்டி வழிகாட்டும். காலையில் விடுதியிலிருந்தோ பெட்ரோல் நிலையத்திலிருந்தோ காலியான சாலைக்குத் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். பக்கத்தில் அமர்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘வலப்பக்கம்’ என்று சொல்லிக்கொண்டே வரட்டும். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும்.

போலீஸ் வண்டி பின்னால் விளக்கைப் போட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு இருக்கையிலேயே இருங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆவணங்களைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி அதிகாரியை நோக்கி நடந்தால், அதை அவர் மிரட்டலாகவே எடுத்துக்கொள்வார். இரு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். அவர் கேட்ட பிறகு உரிமத்தை எடுத்தால் போதும்.

நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோடையில் நெவாடாவும் அரிசோனாவும் ஒரே நேரத்தைக் காட்டும்; குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்புங்கள். தெற்கு விளிம்பு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அது கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய நம் உதகையின் உயரத்தில் இருப்பதால், கோடையிலும் ஸ்வெட்டர் தேவைப்படும்.

கேள்வி: ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு வாங்கினால் லாபமா? (வேலூர் வாசகர்)

சொந்தக் காருக்கு மட்டும் தரும் இந்தச் சீட்டு 2025 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமானது. தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை சாவடி கடப்பது, இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு வழியிலேயே பத்துக்கு மேற்பட்ட சாவடிகள் வருவதால், ஆண்டுக்குச் சில முறை தென்மாவட்டங்களுக்குப் போய்வரும் குடும்பத்துக்கு நிச்சயம் லாபம். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில்தான் இது செல்லும். மாநிலச் சாலைச் சாவடிகளில் வழக்கம்போல ஃபாஸ்டேக் இருப்பிலிருந்து பணம் போகும் என்பதால், சீட்டு இருக்கிறதே என்று கணக்கை வெறுமையாக வைத்துவிடாதீர்கள்.